சூபுவான்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?

பிரெஞ்சு ஓவியர் குளோத் மோனேன்னதும் எல்லாருக்கும் அல்லிக்குளம்தான் ஞாபகம் வரும், ஆனா 1865ல, 24 வயசுல, பாரிஸ் பக்கத்துல இருக்கிற ஃபோந்தேன்புளோ காட்டுல உக்காந்து ஒரு ஓக் மரத்தை வரைஞ்சிருக்கார், ‘போட்மர் ஓக்’னு பேரு, இப்ப நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. (போட்மர்ங்கிறது அவருக்கு முன்னாடியே அதே மரத்தை வரைஞ்ச சுவிஸ் ஓவியர், மரத்துக்கே அவர் பேரு ஒட்டிக்கிச்சு.)

இந்த மாதிரி படத்துக்கு பிரெஞ்சுல ‘சூபுவா’ன்னு சொல்வாங்க. ‘சூ’ன்னா கீழ, லத்தீன் ‘சுப்துஸ்’லருந்து வந்தது. ‘புவா’ன்னா காடு, வெட்டிப்போட்ட கட்டைக்கும் அதே வார்த்தைதான். முதல்ல இது ஓவியச் சொல்லே இல்ல, பெரிய மரங்களுக்கு அடியில மண்டிக் கிடக்கிற செடி, புதர், பெரணி இதைத்தான் குறிச்சுது, அப்புறம் அந்த இடத்தை வரையுற படத்துக்கும் அதுவே பேராயிடுச்சு.

லேண்ட்ஸ்கேப்னு சொன்னா போதாதான்னா, போதாது. அதுக்கு ‘பேசாஜ்’னு தனிச்சொல் இருக்கு, ‘பேயி’ன்னா நாடு, சீமை, அதுல பொறந்தது. அங்க தூரத்துல நின்னு பாக்குறோம், வானம், வயல், தொடுவானம்னு விரிஞ்சு கிடக்கும். சூபுவால நாம காட்டுக்குள்ளயே நிக்கிறோம். தொடுவானம் கிடையாது, வானம் இலைச்சந்துல துண்டு துண்டா தெரிஞ்சா உண்டு, வெயில் மரத்தைத் தாண்டி பொட்டுப் பொட்டா தரையில விழும். மோனே படத்துலயும் தரை பூரா செம்பழுப்புச் சருகு, அதுமேல வெளிச்சத் திட்டு, மரத்தை விட அந்தத் தரைதான் எனக்குப் பிடிக்கும்.

சரி, தமிழ்ல? லேண்ட்ஸ்கேப்புக்கு ‘நிலக்காட்சி’ இருக்கு, அதை இங்க போட்டா மேல சொன்ன வித்தியாசமே போயிடும். ‘கீழ்க்காடு’ன்னு நேரா மாத்துனா மலையடிவாரக் காடு மாதிரி கேக்குது. ‘சோலை’ன்னா பூவும் வண்டும் வந்துடும். ‘புதர்’ செடியோட நின்னுடும். என்னைக் கேட்டா ‘உள்காடு’தான் சரி, உள்காட்டுக்குள்ள போகாதன்னு நாம சாதாரணமா சொல்றதுதானே, அதனால ‘உள்காட்டு ஓவியம்’.

ஒண்ணு, ஒயின் ருசி பாக்குறவங்களும் சூபுவாங்கிற வார்த்தையைச் சொல்வாங்க, ஈர மண்ணு, மக்குன இலை, காளான் கலந்த ஒரு வாசத்துக்கு. அங்க போய் உள்காடுன்னு போட்டுடாதீங்க, ‘சருகு வாசம்’னு எழுதுங்க.