மாட்டுக்குப் போடும் புரதம் என்ன விலை?

பத்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு, பாலில் மட்டும் தினமும் 330 கிராம் அளவுக்குப் புரதத்தைத் தந்துவிடுகிறது. அதைத் தீவனத்தில் ஈடுகட்ட வேண்டும். வைக்கோலில் இருப்பதோ 3, 4 சதவீதம்தான். அதனால்தான் புண்ணாக்கு வாங்குகிறோம். கையைக் கடிப்பதும் அதுதான்.

மாற்றுத் தேடும்போது பலர் மூட்டை விலையைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். கடலைப் புண்ணாக்கு கிலோ 50 ரூபாய், தேங்காய்ப் புண்ணாக்கு 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்னதில் புரதம் சுமார் 45 சதவீதம், பின்னதில் 20 முதல் 22. ஆக, 100 கிராம் புரதம் கடலையில் 11 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தேங்காயில் 16, 17 ரூபாய் ஆகிறது. விலை குறைந்த மூட்டையில்தான் புரதம் விலை கூடுதல்!

தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் அசோலா என்ற சிறு பெரணியிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காய்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம் என்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். இரண்டு கிலோ போட்டால் 30 கிராம் புரதம் தேறும். கடலைப் புண்ணாக்கு விலையில் மூன்று ரூபாய்ச் சொச்சம். தொட்டியைப் பராமரிக்கும் கூலிக்கே அது காணாது. வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனப் பயிர் அப்படியில்லை. பத்து கிலோ பச்சையில் சுமார் 400 கிராம் புரதம். ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் அறுக்கலாம். பாசனம் உள்ளவர்களுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். சூபாபுல் (சவுண்டல்) மரத் தழையும் நல்லதே. அதிலுள்ள மிமோசின் நஞ்சு என்பதால் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

இன்னொரு வழி மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றிலேயே இருக்கிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் யூரியாவிலிருந்து வரும் அமோனியாவைக் கொண்டே புரதத்தைக் கட்டிக்கொள்ளும். பிறகு அவை குடலுக்கு நகரும்போது மாடு அவற்றையே செரித்துக்கொள்கிறது. ஃபின்லாந்தின் நோபல் அறிஞர் விர்த்தானன், 1960-களில் புரதமே இல்லாத தீவனத்தில் யூரியாவும் அமோனியம் உப்பும் கலந்து கொடுத்தார். மாடு ஆண்டுக்கு 4000 கிலோவுக்கு மேல் பால் கறந்தது.

நம் வைக்கோலுக்கும் இது பொருந்தும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைத்தால் புரத அளவு ஏறத்தாழ இரு மடங்காகும். நாரும் இளகிச் செரிக்கும். அதை மாட்டுக்குப் போடும்போது கூடவே கொஞ்சம் சோள மாவும் போடுங்கள். மாவுச்சத்து இல்லாவிட்டால் நுண்ணுயிரிகளால் அமோனியாவைப் பயன்படுத்த முடியாது, அது சிறுநீரில் போய்விடும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் இந்த வைக்கோல் கூடவே கூடாது. அதன் பெருவயிறு இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது.