21 நாளில் மனச்சோர்வு போகாது, மாத்திரையை நிறுத்தாதீர்கள்

“புத்தகம் வாசிச்சன் சேர், மருந்தை விட்டுட்டன்” என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். திருகோணமலையில் உவர்மலையிலிருந்தும் வருகிறார்கள், மூதூரிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் வாசிப்பது, 21 நாளில் மனதை மாற்றிவிடலாம் என்கிற மாதிரியான சுயஉதவிப் புத்தகங்கள். காசு கொடுத்து வாங்கவும் தேவையில்லை, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக வந்துவிடுகிறது.

கடைசியாக வந்த தம்பி ஒரு சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடிமட்டம் வைத்துக் கீறிய 21 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நீலப் பேனையால் சரி அடையாளம். கடைசிக் கட்டத்துக்குக் கீழே சிவப்பில் ‘ஏலாது’ என்று எழுதியிருந்தார். “எல்லாம் அதில போட்டமாதிரித்தான் செய்தனான் சேர். பிழை என்னிலதான்” என்றார். தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. இருக்கிற பழி போதாதென்று புத்தகமும் ஒன்றைச் சேர்த்துவிட்டிருந்தது.

இந்த 21 எங்கிருந்து வந்தது? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960 இல் ஒரு புத்தகம் எழுதினார். தன்னிடம் சிகிச்சை பெற்றவர்களுக்கு மாறிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். பின்னால் எழுதியவர்கள் அதை எடுத்து, எந்தப் பழக்கத்துக்கும் 21 நாள் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அதுவும் மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது மாதிரியான பழக்கங்கள். நோய் அல்ல.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “இவ்வளவு சனம் வாங்கியிருக்கு, பொய்யா இருக்குமா சேர்?”

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். விற்பனைப் பட்டியல் எண்ணுவது விற்ற பிரதிகளை. வாங்கியவர் கடைசிப் பக்கம் வரை போனாரா என்று அது பார்ப்பதில்லை. வாசித்துப் பயன் கிடைக்காதவரை யாரும் கணக்கெடுப்பதில்லை. பயன் பெற்றவர் பத்துப் பேருக்குச் சொல்வார், மற்றவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஆகவே நம் காதுக்கு வருவதெல்லாம் நல்ல கதைதான். ஒரு புது மாத்திரை சந்தைக்கு வருவதற்கு முன் எத்தனை சோதனை! மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பக்கவிளைவை எழுதி, அனுமதி வாங்கி... புத்தகத்துக்கு இதில் ஒன்றுமே வேண்டாம். அச்சகம் போதும்.

நல்ல புத்தகத்திலும் பிழை இருக்கும். நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் 2011 இல் எழுதிய, உலகமெங்கும் விற்ற புத்தகத்தில் ஒரு அத்தியாயம் பலவீனமான ஆய்வுகளை நம்பி எழுதப்பட்டது என்று 2017 இல் அவரே ஒப்புக்கொண்டார். பெரிய மனிதர். ஆனால் ஏற்கனவே விற்ற பிரதிகளில் அந்த அத்தியாயம் அப்படியேதான் இருக்கிறது.

இன்னொரு வகைப் புத்தகம் இதைவிட மோசம். நினைப்பதே நடக்கும் என்பவை. 2006 இல் வந்த ‘தி சீக்ரெட்’ அதில் பேர்போனது. நம் எண்ணங்களே நமக்கு நடப்பவற்றை இழுத்து வருகின்றன என்கிறது. பரீட்சை எழுதப்போகிற பிள்ளைக்கு அது கொஞ்சம் தெம்பு தரலாம், சரி. ஆனால் இது திருகோணமலை. 2004 டிசம்பர் 26 இல் கடல் உள்ளே வந்த கரை. அன்றைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா இப்படியொரு புத்தகத்தை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “நான் எந்தநேரமும் பயந்துகொண்டு இருந்ததாலதான் அது வந்ததோ டொக்டர்?” இந்தக் கேள்வியை அவர் மனதில் விதைத்தவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ, பதில் சொல்ல நாங்கள்தான் இங்கே இருக்கிறோம்.

வாசிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. லேசான மனச்சோர்வுக்கு, முறையாக எழுதப்பட்ட சுயஉதவிப் புத்தகம், வழிகாட்ட ஒருவர் கூட இருந்தால் உதவும். நாங்களே கொடுப்பதுண்டு.

மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றும், நித்திரை குழம்பும், நோய் திரும்பவும் வரலாம். விட விருப்பமென்றால் வந்து சொல்லுங்கள், ஏச மாட்டோம், படிப்படியாகக் குறைத்துத் தருவோம்.

வீட்டுக்காரரே, படுக்கையை விட்டு எழும்ப முடியாமல் கிடப்பவர் கையில் வெற்றிப் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். “சாகலாம் போல இருக்கு” என்று அவர் சொன்னால் கிளினிக் நாள் வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் எந்த நேரமும் அழைக்கலாம்.

வரும்போது அந்தப் புத்தகத்தையும் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கம் உங்களுக்குப் பிடித்தது என்று காட்டுங்கள், பெரும்பாலும் நான் அங்கிருந்துதான் கதையைத் தொடங்குவேன்.