திமிங்கல வேட்டையைக் கடலில் மறிக்கலாமா? சட்டம் எதுவரை துணை நிற்கும்?

திமிங்கலம் கொல்லும் கப்பலை எதிர்த்து நடுக்கடலில் போராடுவது குற்றமில்லை. கப்பல் கண்ணில் படும் தூரத்துக்குப் போகலாம், பதாகை பிடிக்கலாம், படம் எடுத்து உலகத்துக்குக் காட்டலாம், வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு வேட்டையை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் அந்தக் கப்பல் மேல் மோதினாலோ, புரொப்பல்லரில் சிக்கும்படி கயிறு வீசினாலோ, அனுமதி இல்லாமல் ஏறினாலோ நிலைமை தலைகீழாகிவிடும். வழக்கு வரும், சிறையும் வரலாம். வேட்டை அநியாயமானது என்ற வாதம் அங்கே கைகொடுக்காது.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மெரைன் படித்து சிடிசி (கப்பல் பணியாளருக்கான அடையாளப் புத்தகம்) வாங்கி வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜப்பானின் வேட்டைக் கப்பலை மறிக்கப் புறப்பட்ட, திமிங்கல வேட்டையை எதிர்க்கும் சீ ஷெப்பர்ட் அமைப்பைத் தொடங்கியவரான பால் வாட்சன் 2024 ஜூலையில் கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில் கைதானதிலிருந்து, அந்த மாதிரிக் கப்பலில் தன்னார்வலராகப் போகலாமா என்று அவர்களில் சிலர் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் கேட்பது இன்னும் கூர்மை. "என்னப்பச்சி இது, கொல்றவுகள விட்டுட்டு மறிக்கப் போனவுகளப் புடிச்சு உள்ள வைக்கிறாக?" என்றார் ஓர் ஆச்சி. அவர் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்பும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

முதலில் வேட்டை சட்டப்படி சரியா என்று பார்ப்போம். 1946ல் திமிங்கல வேட்டையை ஒழுங்குபடுத்த ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். அதன்கீழ் அமைந்த சர்வதேசத் திமிங்கல ஆணையம் 1982ல் வணிக வேட்டைக்குத் தடை விதித்தது. 1986லிருந்து தடை நடப்பில் இருக்கிறது. இந்தியா 1981லிருந்து உறுப்பு நாடு. நார்வே அந்தத் தடைக்கு ஆட்சேபம் பதிந்து 1993 முதல் மறுபடி வேட்டையாடுகிறது. ஐஸ்லாந்து விலகிப் போய், 2002ல் நிபந்தனையோடு திரும்பி வந்தது. ஜப்பான் ஒப்பந்தத்தில் உள்ள 'அறிவியல் ஆய்வுக்கான அனுமதி' என்ற பிரிவைப் பிடித்துக்கொண்டு தென்துருவக் கடலில் ஆண்டுதோறும் கொன்றது.

அதை எதிர்த்து ஆஸ்திரேலியா ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2014 மார்ச் 31ல் 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. 2005ல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் சுமார் 3,600 மிங்கி திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருந்தன. அதன் பலனாக ஜப்பான் காட்ட முடிந்த, நிபுணர்கள் சரிபார்த்த ஆய்வுக் கட்டுரைகள் இரண்டுதான். ஒன்றுக்கு ஏழு திமிங்கலங்களின் தகவலும், இன்னொன்றுக்கு இரண்டு திமிங்கலங்களின் தகவலும் போதுமானதாக இருந்தன. கொடுத்த அனுமதிகள் அறிவியல் ஆய்வுக்கானவை அல்ல, அவற்றை ரத்து செய்யுங்கள் என்றது நீதிமன்றம். பிறகு 2019 ஜூன் 30ல் ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறி, மறுநாள் முதல் தன் கடலுக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. ஒப்பந்தத்தில் இல்லாத நாட்டை ஒப்பந்தத்தின் தடை கட்டுப்படுத்தாது. என் மனதுக்கு இது பெரிய அநியாயம். ஆனால் இன்றைய நிலை இதுதான்.

இந்தத் தடையையும் தீர்ப்பையும் யார் அமல்படுத்தலாம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேட்டை சட்டவிரோதம் என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் நாடுகளுக்கு உண்டு, தனியாருக்கு இல்லை. போராட்டக்காரர்கள் 1982ல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய உலக இயற்கை சாசனத்தைக் காட்டுவார்கள். நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள இயற்கையைக் காக்கும் கடமை தனிமனிதருக்கும் உண்டு என்று அது சொல்வது உண்மை. ஆனால் அது ஒரு பிரகடனம். கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை. இன்னொரு கப்பலைத் தாக்க அது உரிமம் தராது.

கடலில் யார் யாரைப் பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கப்பலில் பறக்கும் கொடி, அதாவது அது எந்த நாட்டில் பதிவானது என்பது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டம் ஒவ்வொரு கடலோர நாட்டுக்கும் 12 கடல் மைல் வரை முழு ஆட்சி தருகிறது. 200 கடல் மைல் வரை மீன் முதலிய வளங்களின் மேல் உரிமை தருகிறது. அதற்கு அப்பால் எவர் ஆட்சியும் இல்லாத சர்வதேசக் கடல். அங்கே ஒரு கப்பல் தன் கொடி நாட்டின் சட்டத்துக்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. வேறு நாட்டுப் போர்க்கப்பல் அதை நிறுத்திச் சோதனை போடுவதற்குக் கடற்கொள்ளை, அடிமை வியாபாரம், கொடியே இல்லாமை என்று சில காரணங்களே உண்டு. ஆகவே நெதர்லாந்துக் கொடியோடு போகும் போராட்டக் கப்பலில் ஜப்பான் கடலோரக் காவல்படை நினைத்த நேரத்தில் ஏற முடியாது. கொடி போய்விட்டால் இந்தக் காப்பும் போய்விடும். சீ ஷெப்பர்ட் அமைப்பின் ஃபார்லி மோவாட் கப்பலுக்கு இது நேர்ந்தது. தென்துருவக் கடலில் இருந்தபோதே பெலீஸ் நாடு அதன் பதிவை விலக்கிக்கொண்டது.

நம்ம ஊர் வீட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். தெருவில் நின்று ஒரு வீட்டுக்காரர் செய்வதைக் கண்டித்துக் கோஷம் போடலாம். முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்துவிட்டால், உள்ளே நடப்பது எத்தனை அநியாயமாக இருந்தாலும், அத்துமீறல் வழக்கு நம் மேல்தான் வரும்.

நியூசிலாந்துக்காரர் பீட் பெத்யூனுக்கு அப்படித்தான் ஆனது. 2010 ஜனவரி 6ல் அவர் கேப்டனாக இருந்த ஏடி கில் என்ற வேகப்படகும், ஜப்பான் வேட்டைக் கூட்டத்தின் பாதுகாப்புக் கப்பலான ஷோனான் மாரு 2ம் தென்துருவக் கடலில் மோதின. படகு சேதமாகி மூழ்கியது. நியூசிலாந்து விசாரணை இரு தரப்பிலும் தவறு இருந்ததாகச் சொன்னது. பிப்ரவரியில் பெத்யூன் இருட்டோடு நீர் ஸ்கூட்டரில் போய் அதே கப்பலில் ஏறினார். கேப்டனைத் தானே கைது செய்யப்போவதாகச் சொல்லி, படகுக்கான நஷ்டஈட்டுக் கோரிக்கையை நீட்டினார். கப்பல் அவரைச் சுமந்துகொண்டே டோக்கியோ போனது. அங்கே அத்துமீறல், தாக்குதல், தொழிலுக்கு இடையூறு, சேதம் விளைவித்தல், கத்தி வைத்திருந்தது என ஐந்து குற்றச்சாட்டுகள். ஜூலையில் இரண்டு ஆண்டுத் தண்டனை விதித்து, அதை ஐந்து ஆண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். ஜப்பான் கொடிக் கப்பலில் ஏறியதால் ஜப்பான் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வந்துவிட்டது. வாட்சனை 14 ஆண்டு கழித்துக் கைது செய்ததும் இந்த 2010 சம்பவங்களை வைத்துத்தான். பழைய விவகாரம் என்பதையும் கணக்கில் எடுத்து டென்மார்க் அவரை ஜப்பானிடம் ஒப்படைக்க மறுத்தது. 2024 டிசம்பர் 17ல் வெளியே வந்தார். அதுவரை ஏறக்குறைய ஐந்து மாதம் உள்ளே இருந்தார்.

அடுத்து, போராட்டம் கடற்கொள்ளை ஆகுமா? கடல் சட்டத்தின் 101ஆம் பிரிவுப்படி, ஒரு கப்பலில் உள்ளவர்கள் சர்வதேசக் கடலில் இன்னொரு கப்பலின் மேல் தனிப்பட்ட நோக்கத்துக்காகச் சட்டவிரோத வன்முறை செய்தால் அது கடற்கொள்ளை. பணத்துக்காகச் செய்தால்தானே தனிப்பட்ட நோக்கம் என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் அப்படிப் பார்க்கவில்லை. அரசு சார்பாக இல்லாமல், சொந்தக் கொள்கைக்காகச் செய்தாலும் தனிப்பட்ட நோக்கமே என்று சொல்லி, சீ ஷெப்பர்டின் மோதல், அமிலக் குப்பி வீச்சு, கயிறு வீச்சு எல்லாம் கடற்கொள்ளை வரையறைக்குள் வரும் என்றது. வேட்டைக் கப்பல்களுக்கு 500 கஜத்துக்குள் போகக் கூடாது என்று ஏற்கெனவே தடையாணையும் இருந்தது. அதை மீறிய விவகாரத்தில் 2015ல் 25 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய நேர்ந்தது. பெல்ஜியம் நீதிமன்றமும் 1986ல் சுற்றுச்சூழல் அமைப்பான கிரீன்பீஸ் மீதான ஒரு வழக்கில் இதே வழியில் போயிருந்தது. சட்ட அறிஞர்கள் பலர் இதை ஏற்பதில்லை. உயிரைக் காக்கப் போனவரையும் கொள்ளைக்காரரையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பதே என் கருத்தும். ஆனால் கப்பலேறப் போகிறவர் என் கருத்தை நம்பிப் போகக் கூடாது. இரண்டு தீர்ப்புகளும் வன்முறையைப் பற்றியவை என்பதை மட்டும் கவனியுங்கள். பதாகை பிடித்ததை எந்த நீதிமன்றமும் கொள்ளை என்று சொன்னதில்லை.

போராடும் உரிமைக்கு வலு சேர்த்த தீர்ப்பு எண்ணெய் விவகாரத்தில் வந்தது. 2013ல் ரஷ்யாவின் ஆர்க்டிக் எண்ணெய்த் தளத்துக்கு எதிராகப் போன கிரீன்பீஸின் ஆர்க்டிக் சன்ரைஸ் கப்பலை ரஷ்யா பிடித்து, அதில் இருந்த 30 பேரையும் சிறையில் வைத்தது. முதலில் போட்டது கடற்கொள்ளை வழக்கு. கப்பலின் கொடி நாடான நெதர்லாந்து தொடுத்த வழக்கில் 2015 ஆகஸ்டில் சர்வதேச நடுவர் மன்றம் ரஷ்யா செய்தது தவறு என்றது. கடலில் போராடுவது கப்பலோட்டும் சுதந்திரத்தோடு சேர்ந்த, சட்டப்படியான கடல் பயன்பாடு என்றும், கடலோர நாடு ஓரளவு தொல்லையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வளங்கள் மீதான அந்த நாட்டின் உரிமையில் குறுக்கிடும் அளவுக்குப் போனால் மட்டும் நடவடிக்கை எடுக்கலாம்.

ஜப்பான் இப்போது தன் 200 மைலுக்குள் வேட்டையாடுவதால் இந்தக் கடைசி வரிக்கு அர்த்தம் கூடிவிட்டது. தென்துருவக் கடலில் இருந்த பாதுகாப்பு அங்கே கிடையாது. பின்தொடர்ந்து படம் எடுப்பது பொறுத்துக்கொள்ள வேண்டிய தொல்லைக்குள் வரலாம். ஈட்டிக்கும் திமிங்கலத்துக்கும் நடுவில் படகை நிறுத்தினால் அதைக் குறுக்கீடு என்று சொல்ல ஜப்பானுக்கு இடம் இருக்கிறது. 12 மைலுக்குள் போய்விட்டால் முழுக்க முழுக்க அவர்கள் சட்டம். கூடங்குளத்தில் 2012ல் நம் மீனவர்கள் படகுகளோடு நடத்திய கடல் முற்றுகை இந்திய எல்லைக்குள் நடந்தது. அங்கே பேசியதும் இந்தியச் சட்டம்தான்.

எங்கே நின்றாலும் மாறாத விதி ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் மோதல் தடுப்பு விதிகள் போராட்டக் கப்பலுக்கும் வேட்டைக் கப்பலுக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். யார் வழிவிட வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், எந்த விளக்கு போட வேண்டும் என்பதில் கொள்கைக்குத் தனிச் சலுகை இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2010ல் இதைத் தனித் தீர்மானமாகவே போட்டது. போராடும் உரிமையை ஏற்றுக்கொண்டு, உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் செயலைக் கண்டித்தது. தென்துருவக் கடல் நீரில் விழுந்தவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். உதவிக் கப்பல் வர நாட்கள் ஆகும்.

இந்தியக் குடிமகன் வெளிநாட்டுக் கொடிக் கப்பலில் இருந்தாலும் நம் சட்டம் கூடவே வரும். நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, இந்தியர் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும். இங்கே விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி தேவை. 2022ல் வந்த கடற்கொள்ளை தடுப்புச் சட்டமும் 'தனிப்பட்ட நோக்கம்' என்ற அதே வரையறையை வைத்திருக்கிறது. தண்டனை ஆயுள் வரை, உயிர் போனால் மரண தண்டனை வரை போகும். இன்னொரு பக்கம், திமிங்கலத்துக்கு நம் நாட்டில் வலுவான காப்பு இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. தொண்டிக் கடலில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவும் அதே அட்டவணைதான். வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. அம்பர்கிரிஸ் எனப்படும் திமிங்கலக் கழிவைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். கடற்கரையில் கிடந்தது என்று யாராவது விற்க வந்தால் வாங்கவே வாங்காதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்தும் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு: கப்பலின் கொடி எது, பதிவு நடப்பில் இருக்கிறதா, தன்னார்வலருக்கு இன்சூரன்ஸ் உண்டா, கைதானால் வக்கீல் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும் உரிமம்) பெற்ற ஏஜென்ட் மூலம் கிடைக்கும் வேலை இல்லை. அந்த ஏஜென்ட் ஏற்கும் பொறுப்பு எதையும் இங்கே எதிர்பார்க்க முடியாது. பயணத் திட்டத்தில் மோதல், ஏறுதல், எறிதல் இருக்கிறதா என்று கேப்டனிடம் நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ஏறாதீர்கள். கேமராவும் கணினியும் தெரிந்தவருக்கு அந்த அமைப்புகளில் கரையிலேயே வேலை இருக்கிறது.

வெளிநாட்டில் கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் தருகிறது. புரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதைக் கேளுங்கள். ஊரில் இருக்கும் பெற்றோர் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியலாம். பாஸ்போர்ட், சிடிசி நகல்களையும் கப்பலின் பெயர், கொடி, ஐ.எம்.ஓ. எண் எனப்படும் கப்பலின் அடையாள எண் ஆகியவற்றையும் கிளம்பும் முன்பே வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனால், அந்தப் புகாரை அன்றைக்கே பதிய முடியும்.