பார்த்ததற்கும் வரைவதற்கும் நடுவே ஒரு வாக்கியம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரே மாதிரியான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் நல்லபடியாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, இறக்கையின் விளிம்பில் மேலும் கீழும் அசையும் மடல்களை (ஃபிளாப்) மடக்குவதாக நினைத்துக்கொண்டு விமானி சக்கரங்களை மடக்கிவிடுவார். விமானம் வயிறு உரச நிற்கும். விசாரணை அறிக்கையில் "விமானியின் தவறு" என்று எழுதப்படும்.

ஆல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் இதை ஆராயப் போனபோது, விமானிகளோடு சேர்த்து அவர்கள் உட்காரும் இடத்தையும் கூர்ந்து பார்த்தார். மடலுக்கான கட்டுப்பாடும் சக்கரத்துக்கான கட்டுப்பாடும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. இரண்டையும் வெவ்வேறு விதமாக இயக்க வேண்டியிருந்த சி-47 விமானத்தில் இந்தக் குழப்பமே இல்லை. ஒன்றின் முனையில் ரப்பர் சக்கரத்தையும் இன்னொன்றின் முனையில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது. இன்றும் அமெரிக்க விமான விதிகளின்படி, பெரிய பயணிகள் விமானங்களில் சக்கரத்தை இயக்கும் பிடி சக்கர வடிவில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ரப்பர் சக்கரத்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கண்டறிந்ததற்கும் அந்த ரப்பர் துண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு வாக்கியம்: "விமானி திரும்பிப் பார்க்காமலே, கை பட்டவுடன், இது எந்தக் கட்டுப்பாடு என்று தெரிந்துவிட வேண்டும்." இதற்குப் பெயர்தான் வடிவமைப்புத் தேவை. இதில் ரப்பரும் இல்லை, சக்கரமும் இல்லை. எது சாத்தியமாக வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. இதே வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவர் பிடியின் பரப்பைச் சொரசொரப்பாக்கலாம், இன்னொருவர் அசைக்கும் விதத்தையே மாற்றலாம். எது நல்லது என்று சோதித்துப் பார்க்கவும் முடியும்.

பயனர்களை ஆய்வு செய்து மென்பொருள் உருவாக்கும் குழுக்கள் பலவும் இந்த நடு வாக்கியத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. நேர்காணலில் ஒருவர் சொன்னது அப்படியே ஒரு பொத்தானாக மாறித் திரையில் உட்கார்ந்துவிடுகிறது. ஆய்வு வீணாவது பெரும்பாலும் அந்தத் தாவலில்தான்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஒரு செயலி. ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். படிவத்தின் நடுவில் அடையாள அட்டையின் எண் கேட்கப்படுகிறது. பயனர் செயலியை விட்டு வெளியே போய், சேமித்து வைத்த படங்களில் துழாவி, அட்டையின் படத்தைப் பெரிதாக்கி, எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு திரும்பி வருகிறார். படிவம் காலியாகக் கிடக்கிறது. "இதுல ஒரு சேவ் பட்டன் வைங்க" என்கிறார்.

நியாயமான கோரிக்கைதான். ஆனால் சேவ் பொத்தான் இருந்திருந்தால் அதை அழுத்தியிருப்பாரா? எண்ணைத் தேடிப் போனபோது, தான் படிவத்தை விட்டுப் போகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவர் மனத்தில் விண்ணப்பம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. போகிறோம் என்று தெரியாதவர் போகுமுன் ஒரு பொத்தானை அழுத்த மாட்டார். ஆகவே அவர் கேட்டதைப் பதிவு செய்துகொண்டு, அதற்கு ஒரு படி கீழே இறங்கி எழுத வேண்டும்: "விண்ணப்பத்தின் நடுவில் வேறு செயலிக்குப் போய்வருபவர், எதையும் அழுத்தாமலே, விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும்."

அந்தத் தாளையும் கவனிக்க வேண்டும். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, கைதான் சொன்னது. நீளமான எண்ணை ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு மனத்தில் சுமந்து வர முடியவில்லை. அது தனித் தேவை: எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளாமலே உள்ளிட வழி வேண்டும். கேமரா படித்துக்கொள்ளலாம், அட்டையின் படத்தைப் படிவத்துக்குள்ளேயே திறக்க விடலாம். அதை வடிவமைப்பாளர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது அளவுகோல். மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கான ஐஎஸ்ஓ 9241-210 தரநிலை, பயனர் தேவைகளைப் பிறகு சோதித்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதச் சொல்கிறது. "படிவம் எளிமையாக இருக்க வேண்டும்" என்ற வாக்கியத்தில் எந்தப் படிவமும் தோற்காது, அதனால் அதற்குப் பயனும் கிடையாது. "அதே தொலைபேசியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால், நடுவில் தொலைபேசியே அணைந்து எழுந்திருந்தாலும், உள்ளிட்டது எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்" என்று எழுதினால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடலாம். ஏன் 24? காற்றிலிருந்து பிடித்த எண்ணாக அது இருக்கக் கூடாது. அட்டை வீட்டில் வேறொருவரிடம் இருக்கிறது, அவர் இரவுதான் வருவார் என்று ஆய்வில் சிலர் சொல்லியிருந்தால், அதுதான் அந்த எண்ணின் ஆதாரம்.

சரி, இப்போது சிக்கல் வருகிறது. ஆய்வில் கலந்துகொண்ட இன்னொருவர் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி. தான் விண்ணப்பிப்பது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். முதல் தேவை எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்கிறது, இது எதையும் காட்டாதே என்கிறது. இந்த மோதல் திரைகளை வரைந்து, நிரல் எழுதி முடித்த பிறகு வெளிப்பட்டால் பல வார வேலை போய்விடும். வாக்கியங்களாக இருக்கும்போதே தெரிந்தால், உட்கார்ந்து பேசி இப்படித் திருத்திவிடலாம்: "உள்ளிட்டது இருக்க வேண்டும், ஆனால் ரகசிய எண்ணைக் கொடுத்தவருக்கு மட்டுமே தெரிய வேண்டும்." தேவைகளை எழுதிவைப்பதில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஒருவரையொருவர் பார்த்திராத இரண்டு பயனர்கள் அங்கே ஒரே மேசையில் உட்காருகிறார்கள்.

நூற்றுக்கணக்கான குறிப்புகளிலிருந்து இவற்றைத் தேடி எடுக்க, பல குழுக்கள் ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவகிதா வகுத்த முறையைத் தழுவிய ஒன்றைப் பின்பற்றுகின்றன. ஒரு தாளுக்கு ஒரு குறிப்பு என எழுதிச் சுவரில் ஒட்டி, ஒத்துப்போகிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து, கடைசியில்தான் கூட்டத்துக்குப் பெயர் வைப்பார்கள். அப்புறம், ஒரு எச்சரிக்கை: "முகப்பு", "பதிவுப் பக்கம்" என்று திரைகளின் பெயரால் கூட்டம் சேர்த்தால், அந்தத் திரைகள் இருந்தே தீர வேண்டும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மனிதர்கள் என்ன செய்யப் பார்த்தார்கள் என்பதை வைத்துச் சேர்ப்பதே நல்லது.

எந்த நேர்காணலிலும் வராத தேவைகளும் உண்டு. ஏடிஎம்முக்குப் போகுமுன் "நான் கார்டை மறந்துவிடுவேன்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதலில் பணத்தையும் பிறகு கார்டையும் தரும் இயந்திரங்களில் கார்டை விட்டுவிட்டுப் போவது சகஜம். வந்த காரியம் முடிந்ததும் மனம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய பிழையைப் பற்றியதுதான். பயனர் செய்ய வேண்டிய எதுவும் அவர் வந்த காரியம் முடிந்த பிறகு மிச்சம் இருக்கக் கூடாது என்பது இங்கே தேவை. கார்டைக் கையில் கொடுத்த பிறகே பணத்தைத் தருவது அதற்கான தீர்வுகளில் ஒன்று.

ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில், அது எந்தச் சந்திப்பில், எதைப் பார்த்ததால் எழுதப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். ஒரே வரி போதும், ஆனால் அவசரத்தில் முதலில் விடுபடுவதும் அதுதான். நம் உதவித்தொகைச் செயலி இரண்டு வருடம் கழித்து அடையாள எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காரணம் எழுதியிருந்தால், புதிதாக வந்தவர்கூட 24 மணி நேர வாக்கியத்தைப் படித்துவிட்டு, இப்போது யாரும் அட்டையைத் தேடி வெளியே போவதில்லை, வேறெதற்காவது போகிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு இதை எடுத்துவிடலாம் என்று சொல்வார். ரகசிய எண் பற்றிய வாக்கியத்தில் கை வைக்க மாட்டார். அந்த வீட்டில் இன்னும் ஒரே தொலைபேசிதான்.