சாந்தமானவள் தரையைப் பார்க்க வேண்டியதில்லை

ஒத்திகையைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அழைக்கிறார்கள். போய் உட்கார்ந்தால் மேடையில் அக்காள் கத்திக்கொண்டிருக்கிறாள், தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குழுக்கள் வேறு, நாடகங்கள் வேறு, ஆனால் காட்சி இதுவேதான். கடந்த வாரம் நான்காவது முறையாகப் பார்த்துவிட்டு வந்ததால் இதை எழுதுகிறேன்.

இரண்டு பெண் பாத்திரங்களை எதிரெதிராக நிறுத்த வேண்டுமென்றால் ஒருத்திக்கு உரத்த குரலும் சிவப்பு உடையும், மற்றவளுக்கு மெல்லிய குரலும் வெள்ளை உடையும் கொடுத்தால் போதும் என்று பல இயக்குநர்கள் நம்புகிறார்கள். பார்வையாளர் அதை முதல் இரண்டு நிமிடங்களிலேயே புரிந்துகொண்டுவிடுவார். எஞ்சிய ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பெண்களைப் பற்றி அவர் தெரிந்துகொள்ளப் புதிதாக ஒன்றும் இருக்காது. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’ கி.மு. 441 வாக்கில் மேடையேறிய நாடகம். அது இரண்டு சகோதரிகளின் உரையாடலோடுதான் தொடங்குகிறது. அரசாணையை மீறி, இறந்த சகோதரனைப் புதைக்கத் துணிகிறவள் அக்காள் ஆன்டிகனி, அஞ்சி விலகுகிறவள் இஸ்மெனி. ஆனால் அக்காள் பிடிபட்ட பிறகு, குற்றத்தில் தனக்கும் பங்குண்டு என்று சொல்லிச் சாவைப் பகிர்ந்துகொள்ள முன்வருகிறவளும் அதே இஸ்மெனிதான். அதை ஏற்க மறுக்கிறாள் அக்காள். தொடக்கக் காட்சியில் இஸ்மெனியைக் கோழையாக நடிக்கவைத்துவிட்ட இயக்குநர், இந்த இடத்திற்கு வரும்போது என்ன செய்வார்? நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்திலும் (1879) நாயகி நோராவின் ரகசியம் கணவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்து, அதை வெளிப்படுத்தும் கடிதத்தை எழுதியவன் திரும்பப் பெற முனையும்போது வேண்டாம் என்று தடுப்பவள் அடக்கமான தோழி கிறிஸ்டீன்தான்.

கடந்த வாரக் காட்சியில் அக்காள் வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். தங்கையாக நடித்த பெண்ணிடம் ஏன் ஒருமுறைகூட நிமிரவில்லை என்று கேட்டேன். “நான் சாந்தமான கேரக்டர் என்று சொன்னார்கள் சார்” என்றார். அக்காள் போய்விடக் கூடாது என்பதே தங்கையின் தவிப்பு என்று பிரதியிலேயே எழுதியிருக்கிறது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அக்காள் பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மடித்து, அலமாரியில் திரும்ப வைத்துக்கொண்டே அதே வசனத்தை அதே மெல்லிய குரலில் பேசச் சொன்னேன். மூன்றாவது துணி அலமாரிக்குப் போனபோது அக்காளின் கத்தல் தானாக நின்றது.

பாத்திரத் தேர்விலேயே இதற்கு வழிசெய்யலாம். நடிகைகளைத் தனித்தனியாக அழைத்து வசனம் பேசவைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இருவர் இருவராகப் பேசவைத்து, பிறகு பாத்திரங்களை மாற்றிப் பேசவைத்து, ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்று கவனியுங்கள். முகத்தையும் நிறத்தையும் பார்த்து ‘இவர் வில்லி’ என்று தீர்மானிக்கும் பழக்கத்தை இனியாவது விடுங்கள். கத்தும் பாத்திரத்திற்கு எங்கே கத்தக்கூடாது என்று முதலில் குறித்துக்கொடுங்கள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு அரங்கேற்ற நாளில் குரலிழந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இருவரில் யார் நல்லவள், யார் கெட்டவள் என்ற உங்கள் தீர்ப்பை நடிகைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். கெட்டவள் என்று கேள்விப்பட்டவர் மறுநாளே புருவத்தை உயர்த்திக்கொண்டு ஒத்திகைக்கு வருகிறார்; அந்தப் புருவத்தைக் கீழே இறக்க எனக்கு இரண்டு வாரம் பிடிக்கிறது.