சொல் விளக்கம்: சமூக அறிதிறன்

"இங்கே ரொம்பப் புழுக்கமா இருக்கே" என்று ஒருவர் சொன்னால், ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. முகம், குரல், சூழல் இவற்றை வைத்து அடுத்தவர் மனத்தில் இருப்பதை ஊகித்து, அதற்கேற்ப நடந்துகொள்கிறோம். உளவியலில் இதற்கு சோஷியல் காக்னிஷன் என்று பெயர்.

இரண்டுமே லத்தீன் வழி வந்தவை. சோசியுஸ் என்றால் தோழன், கூட்டாளி. காக்னோஸ்கெரே என்றால் அறிந்துகொள்ளுதல். தமிழில் சமூக அறிதிறன் என்றும், இலங்கை வழக்கில் சமூக அறிகை என்றும் எழுதுகிறார்கள். அறிகை என்பது அறியும் செயலைக் குறிப்பதால் மூலத்துக்கு அதுவே நெருக்கம். ஆனால் நோயில் ஏற்படும் குறையைப் பற்றிப் பேசும்போது அறிதிறன்தான் சட்டென்று விளங்குகிறது.

குறிப்பறிதல் என்ற பழைய சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். திருக்குறளில் அந்தப் பெயரில் இரண்டு அதிகாரங்களே உண்டு: 71ஆவது அரசரின் உள்ளக் குறிப்பை அறிவது பற்றி, 110ஆவது காதலரின் குறிப்பை அறிவது பற்றி. அழகான சொல்தான், ஆனால் பாதிப் பொருளுக்குத்தான் போதும். நடந்த ஒன்றுக்கு யார் காரணம் என்று முடிவு கட்டுவதும், ஓர் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்திருப்பதும்கூட சமூக அறிதிறனில் அடங்கும்.

மனச்சிதைவு நோயில் இந்தச் சொல் அடிக்கடி அடிபடுகிறது. இந்த நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை 1908இல் தந்தவர் சுவிஸ் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர். கிரேக்கத்தில் பிளவு, மனம் என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் என்ற தவறான எண்ணம் பரவியதில் இந்தப் பெயருக்கும் பங்குண்டு. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் போன்றவற்றை மருந்துகள் பலருக்குக் குறைக்கின்றன. சமூக அறிதிறன் குறைபாட்டில் அவற்றால் பெரிய மாற்றம் வருவதில்லை. நண்பரின் கேலி அவமதிப்பாகத் தெரியும், வெற்று முகம் கோபமாகத் தெரியும். வேலையும் நட்பும் கைநழுவ இதுவும் ஒரு காரணம்.

இதற்குப் பயிற்சி உண்டு. முகப் படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, சிறு காணொளியில் மறைமுகப் பேச்சைக் கண்டுபிடிப்பது, கண்ணால் கண்டது எது, நாமாக ஊகித்தது எது என்று பிரித்துப் பழகுவது. முகம் பார்த்து உணர்ச்சியை அறிவதில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. அது அன்றாட வாழ்க்கைக்குள் எவ்வளவு வருகிறது என்பதில்தான் இழுபறி.

அங்கேதான் மூளைத் தூண்டல் வருகிறது. ஒரு முறையில் நெற்றியிலோ தலையிலோ மின்முனை வைத்து, பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிஆம்பியர் வரையிலான மென்மையான நேர்மின்னோட்டத்தை சுமார் 20 நிமிடம் செலுத்துவார்கள். இன்னொன்றில் தலையருகே வைத்த கம்பிச் சுருளிலிருந்து வரும் காந்தத் துடிப்பு மூளையைத் தூண்டும். இதை 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழு செய்து காட்டியது. இரண்டிலும் நோயாளி விழித்தபடியே இருப்பார். மயக்க மருந்து கொடுத்து வலிப்பை உண்டாக்கும் மின்னதிர்ச்சி சிகிச்சையோடு, அதாவது வழக்கில் சொல்லும் 'ஷாக்'கோடு, இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூண்டலால் நரம்பணுக்கள் கற்கத் தயாராகும், அந்த நேரத்தில் பயிற்சி கொடுத்தால் நன்றாகப் பதியும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. சிறு ஆய்வுகள் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் போலித் தூண்டலுக்கும், அதாவது கருவியை வைத்துவிட்டு உண்மையில் தூண்டாமல் விடுவதற்கும், இதற்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே இந்தக் குறைபாட்டுக்கு இது இன்னும் ஆய்வுக்கூடத்து முறைதான்.