பழைய கிட்டாரை வீட்டில் ஒட்டாதீர்கள்

என் பட்டறைக்கு வரும் பழைய அக்கூஸ்டிக் கிட்டார்களில் அதிக வேலை வாங்குபவை கீழே விழுந்து உடைந்தவை அல்ல. உடைந்த பிறகு வீட்டில் யாரோ ஒட்டியவை. வெறுமனே உடைந்தது என்றால் துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, பசை போட்டு, கிளாம்ப் வைத்துவிடலாம். எபாக்சிப் பசையை ஊற்றி, நாலு ஸ்குரூவை முறுக்கி, கதவுக்கு வாங்கிய வார்னிஷில் மீந்ததை மேலே அடித்துக் கொண்டுவந்தால் முதலில் அதையெல்லாம் பிரித்தெடுக்க வேண்டும். கூலியில் பாதி அதற்கே போய்விடும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் பழைய கிட்டார்களுக்குக் குறைவில்லை. எலத்தகிரி, கோவிலூர் பக்கம் சர்ச் பாடகர் குழுவில் வாசித்தவை, ஒரு காலத்தில் மெல்லிசைக் கச்சேரிகளுக்குப் போய் வந்தவை, பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா விட்டுவிட்டுப் போனவை. பெரும்பாலும் கல்கத்தாவில் செய்தவை. எப்போதாவது ஒரு வெளிநாட்டுக் கிட்டாரும் பரணிலிருந்து இறங்கும். இப்போது பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுவதால் இவற்றைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். எடுத்த கையோடு புதுக் கம்பி மாட்டி முறுக்குவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

12 என்று எண் போட்ட சாதாரண ஸ்டீல் கம்பி செட்டைச் சரியான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஒரு சிமென்ட் மூட்டையைவிட அதிகம். அதைத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள மேல் பலகையும், உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய குறுக்குச் சட்டங்களும்தான். பல வருடம் சும்மா கிடந்த கிட்டாரில் இந்தச் சட்டங்களின் ஒட்டு ஓரிடத்தில் விட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேல் பலகையை விரல் கணுவால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள்; ஓரிடத்தில் மட்டும் சலசலவென்று கேட்டால் கம்பி மாட்டாதீர்கள்.

இதைவிட மோசமானது நைலான் கம்பிக் கிட்டாரில் ஸ்டீல் மாட்டுவது. நைலான் செட் இழுப்பது 40 கிலோ பக்கம்தான்; உடம்பும் அந்தக் கணக்குக்கே செய்தது. கம்பியை பிரிட்ஜில் (மேல் பலகையில் கம்பியைப் பிடிக்கும் மரக்கட்டை) முடிச்சுப் போட்டுக் கட்டும் அமைப்பு, அகலமான நெக் (கழுத்து), தலையில் நீளவாக்கில் இரண்டு பெரிய துளைகள் இருந்தால் அது நைலான் கிட்டார். கடையில் "சவுண்டு நல்லா வரும்" என்று ஸ்டீல் செட்டைக் கையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கொஞ்ச நாள் சவுண்டு வரும், அப்புறம் பிரிட்ஜ் கையோடு வரும்.

சரி, பிரிட்ஜ் தூக்க ஆரம்பித்துவிட்டது. எப்படித் தெரியும்? ஒரு காகிதத் துண்டை பிரிட்ஜின் பின் விளிம்பில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. உடனே ஆறு கம்பிகளையும் தளர்த்திவிடுங்கள். அதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த இடுக்கில் எதையும் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழைய நல்ல கிட்டார்களை ஒட்டியது வச்சிரப் பசையால். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. நம் பழைய ஆசாரிகளும் இதைத்தான் வைத்திருந்தார்கள். சூடும் ஈரமும் கொடுத்தால் இளகி வரும். மறுபடி ஒட்டும்போது புதுப் பசை பழையதோடு கரைந்து சேரும். அதாவது வாத்தியத்தைப் பிரித்துச் சரிசெய்ய முன்கூட்டியே வழி விட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த கிட்டார்களில் இருக்கும் மஞ்சள், வெள்ளைப் பசைகளும் சூட்டுக்கு ஓரளவு இளகும். ஆனால் அந்தப் பசையின் படிவு மேல் புதுப் பசை பிடிக்காது, மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். எபாக்சியோ இன்னும் அதிகச் சூடு கேட்கும். அந்தச் சூட்டில் பக்கத்து பாலிஷ் பொங்கும், பிரிட்ஜ் கழன்று வரும்போது மேல் பலகையின் நாரையும் பெயர்த்துக்கொண்டு வரும். குட்டி டியூப் குவிக் பசை நீர்போல ஓடி மரத்துக்குள் இறங்கிக் கறையாகும், அடி தாங்காமல் பொரிந்தும் போகும். என் மேசையிலும் அது இருக்கிறது. ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) முனைக்கும் பாலிஷ் சிதறலுக்கும் ஒரு சொட்டு. பிரிட்ஜுக்கு அல்ல.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்தார். "அண்ணா, பிரிட்ஜ் இனி ஆடவே ஆடாதுண்ணா. அப்பா உள்ள பலகை வெச்சு போல்ட்டு போட்டு டைட் பண்ணிட்டாரு. ஆனா சவுண்டுதான் வர மாட்டேங்குது." சவுண்டு வராததற்குக் காரணமே அந்தப் பலகைதான். கம்பியின் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேல் பலகைக்குப் போய், அது துடித்தால்தான் ஒலி. அப்பா பாசத்தோடு அந்தத் துடிப்பை நிறுத்திவிட்டிருந்தார். போல்ட்டைக் கழற்றியதும் இரண்டு பெரிய ஓட்டைகள். அவற்றை அடைத்து, நார் பெயர்ந்த இடத்துக்கு ஒட்டுப் போட்டு, பிறகுதான் பிரிட்ஜ் வேலையையே தொட முடிந்தது.

அடுத்தது விரிசல். நம் ஊர் வெயிலுக்கு இது அதிகம். கிட்டாருக்குப் பிடித்தது 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம். மார்ச், ஏப்ரல் மதியங்களில் என் பட்டறை ஹைக்ரோமீட்டர் 30-க்குக் கீழே இறங்கும். ஐப்பசி மழையில் 80-ஐத் தாண்டும். காய்ந்தால் மரம் குறுக்குவாட்டில் சுருங்கும், ஃபிரெட் உலோகம் சுருங்காது. அதனால்தான் கோடையில் நெக் ஓரத்தில் கை வைத்தால் ஃபிரெட் முனைகள் கீறுகின்றன. இன்னும் காய்ந்தால் மேல் பலகை நரம்போட்டத்தின் வழியே பிளக்கும். இங்கே எல்லாரும் செய்வது மரத்தூளும் பசையும் கலந்து விரிசலை அடைப்பது. மழைக்காலத்தில் மரம் விரிய இடமில்லாமல் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும்.

முதலில் மரத்துக்கு ஈரம் காட்ட வேண்டும். மூடியில் துளை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, கிட்டாரோடு பெட்டிக்குள் மூடி வைத்தால் சில நாட்களில் பல விரிசல்கள் தாமாகவே நெருங்கிவிடும். நெருங்கிய பிறகு ஒட்டி, உட்புறம் குறுக்காகச் சின்ன மரச்சில்லுகள் வைத்தால் போதும். அவசரப்பட்டால் கெடும் வேலை இது. தண்ணீர் சொட்டும் ஸ்பாஞ்சு மட்டும் வேண்டாம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விடாதீர்கள். உள்ளே சூடு 60 டிகிரி பக்கம் போய்விடும். வச்சிரப் பசையை நான் காய்ச்சி வேலை செய்யும் சூடும் அதுதான்.

கம்பி ரொம்ப உயரத்தில் நிற்கிறது, விரல் வலிக்கிறது என்று வருபவர்கள் நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற ஸ்டீல் தண்டை ஏற்கெனவே திருகிப் பார்த்திருப்பார்கள். டிரஸ் ராட் நெக்கின் வளைவை மட்டும்தான் சரிசெய்யும். நெக் உடம்போடு சேரும் கோணமே முன்னால் சாய்ந்திருந்தால் அது எதுவும் செய்யாது. நீளமான, நேரான ஸ்டீல் ஸ்கேலை ஃபிரெட்டுகள் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள். முனை பிரிட்ஜ் மரத்தின் மேல் விளிம்பைத் தொட்டால் கோணம் சரி. பிரிட்ஜின் நெற்றியில் முட்டினால் நெக்கைக் கழற்றி வைக்க வேண்டும்: ஒரு ஃபிரெட்டை எடுத்து, அடியில் ஊசித் துளை போட்டு, ஆவி செலுத்தி, இணைப்பை இளக்கி, அடிப்பாகத்தில் மயிரிழை சீவி, மறுபடி பொருத்துவது. இந்தச் செலவுக்குப் பயந்து பிரிட்ஜையே ராவி இறக்கிய கிட்டார்களும் வருகின்றன. ஒலி செத்துப் போயிருக்கும்.

எல்லாக் கிட்டாரிலும் டிரஸ் ராட் இருக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி அதற்கு 1923-லேயே காப்புரிமை வாங்கியது. இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான மார்ட்டின் திருகக்கூடிய ராடை 1985-ல்தான் வைக்க ஆரம்பித்தது. பழைய மார்ட்டின் கிடைத்தவர்கள் திருகும் இடத்தைத் தேடிக் குடைய வேண்டாம்.

பாலிஷ் பற்றி ஒன்றே ஒன்று: தேய்க்காதீர்கள். பழைய அரக்கு பாலிஷிலும் லேக்கரிலும் இருக்கும் மெல்லிய வெடிப்புகள் அழுக்கில்லை, வயது. பெயர் பெற்ற வெளிநாட்டுக் கிட்டாரைப் புதுசாக பாலிஷ் போட்டால் விலைதான் குறையும். லேசாக ஈரமான பருத்தித் துணியால் துடையுங்கள், போதும். விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சிக்குப் பிடித்து நாறும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். சவுண்ட் ஹோலின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் நரம்புக் கோடுகள் விளிம்பிலும் அப்படியே இறங்கினால் ஒரே பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். பிளைவுட் உடம்பு, முறுக்கிக்கொண்ட நெக், உள்ளே ராடும் இல்லை என்றால் அந்தப் பணத்தில் புதுக் கிட்டார் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். அப்பாவின் ஞாபகம் என்றால் சுவரில் மாட்டுங்கள், கம்பியைத் தளர்த்தி.

ஒரே பலகைக் கிட்டார் என்றால் செலவு தகும். மரத்துக்கும் நமக்குப் பஞ்சமில்லை. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது சிரமமாகி, மார்ட்டின் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான். பழைய வீட்டுச் சாமான்கள் விலைக்கு வரும்போது ஈட்டிக் கட்டில் கால்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன். பல வருடம் காய்ந்து அடங்கிய மரம். புது பிரிட்ஜ் செய்ய அதற்கு மேல் என்ன வேண்டும்?

யாரிடம் கொண்டுபோனாலும், கம்பிகளைத் தளர்த்தி, தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக் கொண்டுபோங்கள். சிதறிய மரச் சில்லு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. ஏற்கெனவே ஏதாவது பசை போட்டிருந்தால் எது என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம். எவ்வளவு சூடு கொடுக்கலாம் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.